மேடையில் என்னிடம் நீ வாங்கிய ‘ஆமாம்’

பிரகாஷ்,

நீ பெட்டி கட்டி முடித்துவிட்டதாக அப்பா சொன்னார். நான் அந்த அறைக்குள் வரவில்லை. வந்தால் பெட்டியைத் திறந்து, இது எதற்கு, அது எதற்கு என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிடுவேன். அதனால் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம் தெரு மன்றத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அவர்கள் பொங்கலிலிருந்து என் பின்னாலேயே வருகிறார்கள். இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடப் போகிறேன். பட்டிமன்றத்தில் நான் உன்னிடம் தோற்றதை ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். அந்த மேடையில் நாம் என்ன பந்தயம் வைத்திருந்தோம் என்பது மட்டும் உனக்கும் எனக்கும் அப்பாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. இனித் தெரியட்டும். தோற்றுப்போனவள் இப்படித் தம்பட்டம் அடித்துக்கொள்வதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். என்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், மலர் படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போன நீ, அங்கே அரபு மொழியைத் தண்ணீர்பட்ட பாடாகக் கற்றுக்கொண்டாய். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, போரில் வீடிழந்தவர்களுக்கு உதவும் ஓர் அமைப்பில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தாய். முகாமில் உட்கார்ந்து பேசுகிற வேலைதானே என்று நானும் சும்மா இருந்தேன். போன மார்கழியில் வந்தது வினை. உள்நாட்டுப் போர் நடக்கும் ஒரு நாட்டில் (பெயரை எழுதாதே என்று நீ சொன்னதால் எழுதவில்லை) ஓர் ஊரை ஒரு தரப்பு சுற்றி வளைத்திருக்கிறது, உள்ளே மற்றத் தரப்பு இருக்கிறது, நடுவில் ஓர் ஆஸ்பத்திரி. மருந்து லாரி போவதற்கு ஒரே ரோடு. அந்த ரோட்டைத் திறக்க இரண்டு பக்கத்துத் தளபதிகளிடமும் மாறி மாறிப் போய்ப் பேச ஒரு சின்னக் குழு. அதில் உன்னைக் கேட்டார்கள். நீ ஒப்புக்கொண்டுவிட்டு, அதன் பிறகு என்னிடம் அனுமதி கேட்டாய். அந்த வரிசையை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் முடியாது என்றேன். அண்டை நாடுகள் படை அனுப்பலாமா என்று பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்தது. அனுப்பட்டும், அடித்துக்கொள்கிற இரண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து நிறுத்தட்டும், ரோடு திறந்த பிறகு என் பிள்ளை போகட்டும் என்பது என் கட்சி. “படை போனா ரோடு திறக்கும். நீ போனா என்னடா திறக்கும்?” என்று கேட்டேன். “படை போனா சண்டை போட மூணாவதா ஒரு ஆள் சேருவான்மா. அவ்வளவுதான் நடக்கும்” என்றாய். இட்லி ஆறும், சட்னி காயும், நம் சண்டை மட்டும் சூடு குறையாது. உன் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருஷம் சம்மட்டிச் சத்தத்தைத் தாங்கியவர், நம் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. மன்றத்துச் செயலாளர் என்ற முறையில் பொங்கல் பட்டிமன்றத் தலைப்பை அவரே எழுதிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். உள்நாட்டுப் போரை நிறுத்த வல்லது அண்டை நாட்டுப் படையா, தூதா? “ரெண்டு பேரும் மேடையில பேசுங்க. வீட்டுல பேசினா எனக்கு மட்டும்தான் தலைவலி. தெருவே பங்கு போட்டுக்கட்டும்” என்றார்.

அப்போதுதான் நீ அந்தப் பந்தயத்தைப் போட்டாய். “நடுவர் உன் பக்கம் தீர்ப்புச் சொன்னா நான் போகலைம்மா. வரலைன்னு மெயில் அனுப்பிடறேன். என் பக்கம் சொன்னா, நீ உன் வாயால ‘போயிட்டு வா’ன்னு சொல்லணும். முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு சொல்லக் கூடாது.” நான் உடனே சரி என்றேன். ஏன் சொல்ல மாட்டேன்? பாலக்கரையில் பாத்திரக் கடை வைத்து, பேரம் பேச வந்தவர்களையெல்லாம் பேசியே குத்துவிளக்கு வாங்க வைத்தவள் நான். நம் மேடையில் இதுவரை தோற்றதும் இல்லை. உன் பாஸ்போர்ட்டை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டலாம் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

நம் தெருப் பட்டிமன்றத்தில் மற்ற ஊர்களில் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்த கல்யாணமா என்று ஒரு வருஷம் பேசப் போய், நாற்காலி பறந்து, அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். அதற்குப் பிறகு, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற நம் நடுவர், கார்டு ஐயா, இதைக் கொண்டுவந்தார். எதிரணி சொன்னதை முதலில் நீ திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரணித் தலைவர் எழுந்து, “ஆமாம், என் மனசுல இருக்கறது இதுதான்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் மணியடிப்பார். அதற்குப் பிறகுதான் உன் பக்கத்தை நீ பேசலாம். திருப்பிச் சொல்வதற்கு ஆகிற நேரமும் உன் நேரத்தில்தான் கழியும். அந்த வெண்கல மணி நம் கடையில் வாங்கியது. அது எனக்கு எதிராக அடிக்கும் என்று தெரிந்திருந்தால் விற்றிருக்க மாட்டேன்.

அன்றைக்கு நான் நன்றாகவே பேசினேன், நீயே சொன்னாய். நீங்கள் உட்கார்ந்து பேசுகிற நேரத்தில் அந்த ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும் என்றேன். அடிக்கிறவன் கையைப் பிடிக்காமல், ஏன் அடிக்கிறாய் என்று விசாரித்துக்கொண்டிருப்பது அடிவாங்குகிறவனுக்குச் செய்யும் துரோகம் என்றேன். முன்வரிசையில் புஷ்பம் அக்கா இருந்தார். ஏர்போர்ட் பக்கத்து அகதி முகாமிலிருந்து புட்டுக்குழல் வாங்க நம் கடைக்கு வந்து, அப்படியே எனக்கு அக்காவாகிப் போனவர். கடலுக்கு அந்தப் பக்கத்துப் போரில் வீட்டை விட்டுவிட்டு, படகேறி வந்தவர். அவரைக் காட்டி, “நம்ம நாட்டுப் படை அங்க போனப்ப பூமாலை போட்டுக் கும்பிட்டோம்னு இந்த அக்கா சொல்லியிருக்காங்க. சாகக் கிடக்கறவங்களுக்குப் படைன்னா நம்பிக்கைங்க!” என்று முடித்தேன். கைதட்டல் ராஜகோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

நீ எழுந்தாய். முதல் முறை, நான் சொன்ன ஆக்ஸிஜனையும், கையைப் பிடிப்பதையும் என்னைவிடச் சுருக்கமாக, என்னைவிடத் தெளிவாகத் திருப்பிச் சொன்னாய். “எதிரணித் தலைவி அவர்களே, சரிங்களா?” என்றாய். நான் எழுந்து, “பாதிதான் வந்திருக்கு. இல்லை” என்று உட்கார்ந்தேன். சிரிப்பு. இரண்டாம் முறை புஷ்பம் அக்காவின் பூமாலையைச் சொன்னாய். அதோடு நிற்காமல், மாலை போட்ட அதே தெருவில் பிறகு அந்தப் படையோடேயே சண்டை மூண்டதையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்த பேச்சுகளும் முறிந்துபோனதையும் சொன்னாய். “படையும் தோத்திருக்கு, பேச்சும் தோத்திருக்கு. ரெண்டும் தோக்கும்னா, சீக்கிரமா ஏதாவது செய்யற வழியைப் பார்க்கலாம்னு அவங்க நினைக்கறாங்க. சரிங்களா?” புஷ்பம் அக்கா பொறுக்க முடியாமல் எழுந்து, “என்னை ரெண்டு பேரும் பங்கு போடாதேங்கோ! நான் இன்னும் இஞ்சதான் இருக்கிறன்!” என்று அதட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுந்து, “இல்லை” என்றேன்.

அந்த இடத்தில் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. கார்டு ஐயாவின் விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை இத்தனை வருஷமாக ஒருவரும் பார்க்கவில்லை. நான் ‘இல்லை, இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் உன் நேரம் முடிந்துவிடும். உன் கட்சியை நீ பேசவே முடியாது. தீர்ப்பு எனக்கு. என் பிள்ளை வீட்டில். கார்டு ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். உன் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்தார், அவருக்கும் புரிந்துவிட்டது. நேரம் ஓடட்டும் ரங்கநாதா, ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக்கூட வேண்டினேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இல்லை. எந்தத் தாயும் வேண்டியிருப்பாள்.

நீ அவசரப்படவில்லை. கையிலிருந்த குறிப்புச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாய். கூட்டத்தைப் பார்த்து நின்றவன் என் பக்கம் திரும்பினாய்.

“எங்க அம்மா படை வேணும்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. அதை அவங்க இங்க சொல்லலை. படையில போறவன் கையில துப்பாக்கி இருக்கும். பேசப் போறவன் கையில ஒண்ணும் இருக்காது. வெறுங்கையோட போறவன் திரும்பி வருவான்னு அவங்களால நம்ப முடியலை. அவங்க அந்த நாட்டுக்காகப் பேசலை. அந்த மாதிரி போற ஒருத்தனோட அம்மாவுக்காகப் பேசறாங்க. அந்த அம்மா பயப்படறது நியாயம்தாங்க. நான் இதுக்கப்புறம் என்ன பேசினாலும் அந்தப் பயம் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஏன்னா அது தப்பில்லை.” எதிரணித் தலைவி என்பது உனக்கு மறந்துபோயிற்று. “சரியாம்மா?”

நான் எழுந்தேன். ‘இல்லை’ என்று சொல்லத்தான் எழுந்தேன், சத்தியமாக. வாயைத் திறந்தால் அந்தச் சொல் வரவில்லை. உன்னைச் சுமந்ததிலிருந்து அந்த மேடை வரைக்கும் நான் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை, உன் அப்பாவிடம்கூடச் சொல்லாததை, நீ எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறாய். அதை எப்படி என்னுடையது இல்லை என்பது? “ஆமாம்” என்றேன். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டதாம். கார்டு ஐயா மணியை அடித்தார் பார், அப்படி ஒரு அடி. நம் கடைச் சரக்கு, கணீரென்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு நீ பேசியதெல்லாம் சும்மா கொண்டாட்டம். தூது எப்போதும் ஜெயிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ. படையோடு வருகிறவன் யார் பக்கம் நியாயம் என்று முடிவு கட்டிவிட்டு வருகிறான், நாங்கள் ரோட்டை எத்தனை மணிக்குத் திறக்கலாம் என்று மட்டும் கேட்கப் போகிறோம், அதைக் கேட்க ஒருவன் வேண்டாமா என்றாய். பிறகு கொஞ்சமும் ஈவிரக்கமில்லாமல் லால்குடிக் கதையை எடுத்துவிட்டாய். “எங்க அம்மா ஒரு தடவை படையெடுத்திருக்காங்க, தெரியுமா?” என்றதும் எனக்கு ஓடி ஒளியலாம் போல இருந்தது.

மலர் படிக்கிறவர்களுக்கு முழுக்கதையும் நானே சொல்லிவிடுகிறேன். என் அண்ணனும் தம்பியும் பொதுக் கிணற்று மோட்டாரை யார் எந்த நாள் போடுவது என்று அடித்துக்கொண்டு, நடவு நின்றுபோயிருந்தது. தீர்த்துவைக்கிறேன் பார் என்று உன் அப்பா வழிச் சொந்தக்காரர்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு லால்குடிக்குப் போனேன். நீ பள்ளிக்கூடத்துப் பையன், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். போனவள் முதலில் அண்ணன் வீட்டில் இறங்கி ஒரு டம்ளர் காபி குடித்தேன். அவ்வளவுதான். தம்பி வாசலிலேயே மறித்துக்கொண்டு, “அங்க காபி குடிச்சிட்டு இங்க வந்து நியாயம் சொல்றியாக்கா?” என்றான். சத்தம் கேட்டு வந்த அண்ணனோ வேனைப் பார்த்துவிட்டு, “எங்க சண்டைக்கு ஊரான் எதுக்குடி? கூட்டிக்கிட்டுக் கிளம்பு” என்றார். பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று என்னை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். மேடையில் நான் விடவில்லை. எழுந்து, “என் வேன் போனதாலதான் ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்தாங்க! என் படையெடுப்பு வெற்றிதாங்க!” என்றேன். கைதட்டல் எனக்கும் விழுந்தது. உண்மையும் அதில் பாதி இருக்கிறது. அடுத்த வாரமே இருவரும் உட்கார்ந்து நாள் பிரித்துக்கொண்டார்கள், இன்றுவரை மோட்டார் அப்படித்தான் ஓடுகிறது.

ஆனால் அந்தக் காபியை மட்டும் நீ மறக்காதே. நீ போகிற இடத்திலும் அதுதான் நடக்கும். ஒரு தளபதி உன்னை உட்கார வைத்துத் தேநீர் கொடுப்பான். குடி, வேண்டாம் என்று சொல்லி அவன் மனதை நோகடிக்காதே. அடுத்தவனிடம் போனதும், அங்கே குடித்தேன் என்று நீயாகவே முதலில் சொல்லிவிடு. அவன் வேறு யார் மூலமாகவாவது தெரிந்துகொண்டால் உன் பேச்சு அதோடு தீர்ந்தது. அவனிடமும் கேட்டு வாங்கிக் குடி. படை வேண்டும் என்று சொல்கிறவர்களையும் முட்டாள்கள் என்று நினைக்காதே. நான் இன்னும் பாதி அந்தப் பக்கம்தான் நிற்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டிருக்கும்போது உன் பொறுமை அவர்களுக்குக் கொழுப்பாகத் தெரியும். என் பயம் நியாயம் என்று என்னிடம் சொன்னாயே, அவர்கள் கோபமும் நியாயம் என்று அவர்களிடம் சொல். வெடிச் சத்தம் கேட்டால் மட்டும் பேச்சு, விதி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஓடு. அதில் உனக்கும் எனக்கும் பட்டிமன்றம் கிடையாது.

தீர்ப்பு சொல்ல கார்டு ஐயா எழுந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. “படையால நின்ன போரும் உண்டு, பேச்சால நின்ன போரும் உண்டு. இந்தத் தெருவுல உட்கார்ந்து அதை நான் தீர்க்க முடியாதுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்தம்மாகிட்ட நானும் பாத்திரம் வாங்கியிருக்கேன். விலையைக் குறைங்கன்னு கேட்டு ஒரு தடவைகூட ‘ஆமாம்’ வாங்கினதில்லை. இந்தப் பிள்ளை வாங்கிட்டான். தூதுக்கே ஜெயம்!” என்றார். தெரு எழுந்து நின்றது. நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கார்டு ஐயா கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, “தோத்தது நான்! இவனைப் பெத்ததும் நான்தான்!” என்று கத்தினேன். எனக்குப் போர்த்திய சால்வையை எடுத்து உனக்குப் போர்த்தினேன். அழுதேன் என்று அப்பா சொல்கிறார். இருக்கலாம். அதைவிடப் பெருமையாக நான் ஒருநாளும் நின்றதில்லை. என் கல்யாண மேடையில்கூட அப்படி நிமிர்ந்து நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பாலக்கரைக் கடையில் எனக்கு நிம்மதி போயிற்று. வருகிறவர்களெல்லாம், “அக்கா, நான் சொன்ன விலையை முதல்ல திருப்பிச் சொல்லுங்க” என்கிறார்கள். திருவானைக்காவலிலிருந்து ஓர் அம்மா கல்யாணச் சீர்ப் பாத்திரம் வாங்க வந்து, “உங்க பையன்கிட்டயே தோத்தவங்கதானே நீங்க” என்று சொல்லியே பேரத்தில் என்னைப் பணியவைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தேன். அடித்துக்கொள்கிற இரண்டு தளபதிகளிடம் பேச என் பிள்ளை போகிறான் என்று அவர் கேட்காமலே சொன்னேன்.

ஆனால் பந்தயக் கடன் ஒன்று பாக்கி இருக்கிறது. தீர்ப்பு வந்த அன்றிலிருந்து நான் அதைச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. சாப்பிடு என்றேன், ஸ்வெட்டர் எடுத்துக்கொள் என்றேன், மாத்திரைக் கவர் எங்கே என்றேன். அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். நாளைக் காலையில் ஏர்போர்ட் வாசலில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கே புஷ்பம் அக்கா வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு நடக்கிற தூரம்தான். படகில் ஏறியபோது தன்னை வழியனுப்ப ஒருவரும் இருக்கவில்லை, அதனால் உன்னை வழியனுப்பக் கட்டாயம் வருவேன் என்கிறார். அவர் முன்னால் நான் அழுதுவிடக் கூடாது.

நீ போகிற இடத்தில் இரண்டு தளபதிகளும் ‘இல்லை’ என்பார்கள். மறுபடியும் ‘இல்லை’ என்பார்கள். அவர்கள் சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதே. வாயால் சொல்லாமல் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பார், அதை அவர்கள் தலைகுனியாதபடி எடுத்துச் சொல். அவர்களுக்கும் எங்கேயோ ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னிடமே ‘ஆமாம்’ வாங்கியவன் நீ. அவர்கள் என்னைவிடப் பிடிவாதக்காரர்களா என்ன?

“அம்மா, பெட்டியில கொஞ்சம் இடம் இருக்கு, ஏதாவது வைக்கணுமா?” என்று உள்ளிருந்து கேட்கிறாய். பேனாவை வைத்துவிட்டு எழுந்து வருகிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, நீயே பார்த்துக்கொள்.

போயிட்டு வாடா, பிரகாஷ்.